அக்ரஹாரத்து நாளிதழும் தில்லியின் சம்ஸ்கிருதமும்

மக்களவையில் 2025 பிப்ரவரி 11-ஆம் தேதி ஒரு சிறிய அறிவிப்பு வெளியானது. உறுப்பினர்களின் உரைகளை உடனுக்குடன் மொழிபெயர்த்து வழங்கும் வசதி, ஏற்கெனவே உள்ள மொழிகளுடன் போடோ, டோக்ரி, மைதிலி, மணிப்புரி, உருது, சம்ஸ்கிருதம் ஆகிய ஆறு மொழிகளுக்கும் விரிவுபடுத்தப்படுகிறது என்று அவைத் தலைவர் ஓம் பிர்லா தெரிவித்தார். சம்ஸ்கிருதத்தின் பெயர் ஒலித்ததும் அவையில் சலசலப்பு எழுந்தது. மிகச் சிலரே பேசும் ஒரு மொழிக்காக மக்களின் வரிப் பணத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று திமுக உறுப்பினர் தயாநிதி மாறன் கேட்டார். இந்தியாவின் மூல மொழியே சம்ஸ்கிருதம்தான் என்ற பொருளில் அவைத் தலைவரின் பதில் அமைந்தது.

சில நிமிடங்களில் முடிந்துபோன அந்த வாக்குவாதத்தில், முக்கால் நூற்றாண்டாக நாடாளுமன்றத்தில் கேட்டுப் பழகிய இரண்டு குரல்களும் இருந்தன. ஒரு தரப்புக்கு சம்ஸ்கிருதம் எல்லா மொழிகளுக்கும் தாய். மறு தரப்புக்கு அது யாருக்கும் வேண்டாத சுமை. அந்த மொழி இன்று எங்கே, யாரால், எப்படி உயிரோடு வைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வியை மட்டும் இரு தரப்பும் எழுப்பவில்லை. அதற்கான விடை தில்லியில் இல்லை. மைசூரில், அரண்மனைக்கு அதிகத் தொலைவில்லாத ராமச்சந்திர அக்ரஹாரத்தில் இருக்கிறது.

அந்தத் தெருவிலிருந்துதான் "சுதர்மா" என்னும் சம்ஸ்கிருத நாளிதழ் வெளிவந்தது. களலே நடாதூர் வரதராஜ ஐயங்கார் என்ற பண்டிதர் 1970 ஜூலையில் அதைத் தொடங்கினார். அச்சகம் நடத்தி, நூல்களைப் பதிப்பித்து வந்தவர் அவர். மந்திரத்துக்கும் காவியத்துக்கும் மட்டுமே உரியதாகக் கருதப்படும் மொழியில் அன்றாடச் செய்தியையும் எழுத முடியும் என்று காட்டுவதே அவரது நோக்கம். அதற்கு அரசின் ஆணையையோ பல்கலைக்கழகத்தின் நிதியையோ அவர் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. அச்சுக் கோத்து, தாளில் பதித்து, அஞ்சலில் சேர்த்து அனுப்பினார். வானொலியிலும் சம்ஸ்கிருதச் செய்தி வர வேண்டும் என்று அன்றைய செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சர் ஐ.கே. குஜ்ராலிடம் வலியுறுத்தியவர்களில் அவரும் ஒருவர். அகில இந்திய வானொலியின் சம்ஸ்கிருதச் செய்தி 1974 ஜூன் 30-ஆம் தேதி தொடங்கியது.

வரதராஜ ஐயங்கார் 1990-ல் மறைந்த பிறகு அவருடைய மகன் கே.வி. சம்பத்குமாரும், மருமகள் கே.எஸ். ஜெயலட்சுமியும் இதழைத் தொடர்ந்து நடத்தினர். ஓரிரு தாள்களில் அடங்கிவிடும் சிறிய இதழ் அது. கடைகளில் தொங்குவதில்லை. அஞ்சல் வழியாகச் சில ஆயிரம் சந்தாதாரர்களுக்குச் சென்றது. கையால் அச்சுக் கோத்த காலம் போய்க் கணினி வந்தது. 2009-ல் மின்னிதழும் வந்தது. ஆனால் வருவாய் மட்டும் வரவில்லை. விளம்பரம் தர அரசுத் துறைகளும் முன்வரவில்லை, தனியார் நிறுவனங்களும் முன்வரவில்லை என்று சம்பத்குமார் பலமுறை வெளிப்படையாகவே வருந்தியிருக்கிறார்.

இதழ் பொன்விழாவை எட்டிய 2020-ல் அந்தத் தம்பதிக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கொரோனா பெருந்தொற்றால் விருது வழங்கும் விழா தள்ளிப்போயிற்று. 2021 ஜூன் 30-ஆம் தேதி சம்பத்குமார் மாரடைப்பால் காலமானார். குடியரசுத் தலைவர் மாளிகையில் விழா நடைபெற்றது அந்த ஆண்டு நவம்பரில்தான். அவரது மறைவுக்குத் தில்லியிலிருந்து வந்த இரங்கல் செய்திகளில் குறைவில்லை. அவர் உயிரோடிருந்த காலத்தில் ஆட்சியில் இருந்தவர்கள் அந்த இதழுக்குச் சந்தாதாரர்களையோ விளம்பரத்தையோ தேடித் தந்திருந்தால் அந்த இரங்கலுக்கு இன்னும் பொருள் இருந்திருக்கும்.

சம்ஸ்கிருதத்துக்குச் செலவிட அரசிடம் பணம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2017-18 முதல் 2019-20 வரையிலான மூன்று ஆண்டுகளில் சம்ஸ்கிருத வளர்ச்சிக்காக ரூ.643.84 கோடி செலவிடப்பட்டதாக மக்களவையில் 2020-ல் அரசு அளித்த பதில் தெரிவித்தது. அதே காலத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகிய ஐந்து செம்மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது ஏறத்தாழ ரூ.29 கோடி. அதில் தமிழின் பங்கு ரூ.22.94 கோடி. மலையாளத்துக்கும் ஒடியாவுக்கும் ஒன்றுமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்டு 2025-ல் வெளியான விவரமும் இதே கதையைத்தான் சொல்கிறது. 2014-15 முதல் 2024-25 வரை சம்ஸ்கிருதத்துக்கு ரூ.2,532.59 கோடி, அந்த ஐந்து மொழிகளுக்கும் சேர்த்து ரூ.147.56 கோடி.

இதற்கு அரசுத் தரப்பு கூறும் விளக்கத்தையும் கேட்கத்தான் வேண்டும். சம்ஸ்கிருதத்துக்கென்று மத்தியப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அவற்றின் ஆசிரியர் ஊதியமும் நிர்வாகச் செலவும் இந்தத் தொகையில் அடங்கும் என்பது அந்த விளக்கம். தில்லியில் இரண்டும் திருப்பதியில் ஒன்றுமாக இருந்த மூன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மத்தியப் பல்கலைக்கழகங்களாக உயர்த்தப்பட்டன. விளக்கம் சரிதான். ஆனால், ஒரு மொழிக்கு மூன்று மத்தியப் பல்கலைக்கழகங்களும் மற்றொரு செம்மொழிக்கு ஒரே ஓர் ஆய்வு நிறுவனமும் போதும் என்று யார் முடிவு செய்தார்கள்? நிதி ஒதுக்கீட்டின் ஏற்றத்தாழ்வுக்கு அமைப்புகளின் ஏற்றத்தாழ்வைக் காரணம் காட்டுவது பதிலாகாது. கேள்வி வேறிடத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சம்ஸ்கிருதத்தைத் தாய்மொழியாகப் பதிவு செய்தவர்கள் 24,821 பேர். தமிழைப் பதிவு செய்தவர்கள் 6.90 கோடி பேர். இந்த எண்களை மட்டும் வைத்து சம்ஸ்கிருதத்தை எடை போடுவதும் நியாயமல்ல. கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் அது பெரும்பாலும் வீட்டில் பேசும் மொழியாக இருந்ததில்லை. படித்துப் பெற்ற மொழியாகவே இருந்து வந்திருக்கிறது. மைசூர் அக்ரஹாரமே அதற்குச் சான்று. அங்குள்ள ஐயங்கார் குடும்பங்களில் பல, ஹெப்பார், மண்டயம் என்னும் பிரிவுகளைச் சேர்ந்தவை. அவற்றின் வீட்டு மொழி தமிழின் வட்டார வடிவங்கள். தெருவில் கன்னடம், வழிபாட்டிலும் பாடசாலையிலும் சம்ஸ்கிருதம். "சம்ஸ்கிருத கிராமம்" என்று நாடு முழுவதும் பேசப்படும், சிவமொக்கா அருகே உள்ள மத்தூரில் பெரும்பான்மையினரான சங்கேதிகளின் தாய்மொழி, தமிழோடு நெருங்கிய உறவுடைய சங்கேதி. அவர்களின் முன்னோர் தமிழ் நிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள். சம்ஸ்கிருதத்தை உயிராக மதித்த குடும்பங்கள்கூட அதற்காகத் தாய்மொழியைக் கைவிடவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் சண்டையின்றி வாழ்ந்திருக்கின்றன.

அப்படியானால் சண்டை எங்கே தொடங்கியது? அரசியல் நிர்ணய சபையில் 1949 செப்டம்பரில் நடந்த மொழி விவாதத்தைப் படித்தால் புரியும். சம்ஸ்கிருதத்தை ஆட்சிமொழியாக்க வேண்டும் என்று வங்காள உறுப்பினர் லட்சுமிகாந்த மைத்ரா திருத்தம் கொண்டு வந்தார். நசிருத்தீன் அகமது அதே கருத்தை ஆதரித்துப் பேசினார். சட்ட அமைச்சர் அம்பேத்கரும் அந்தத் திருத்தத்துக்கு ஆதரவாளராக இருந்தார். பள்ளிப் பருவத்தில் சாதியின் காரணமாக சம்ஸ்கிருதம் மறுக்கப்பட்டு, பாரசீகம் படிக்க நேர்ந்தவர் அம்பேத்கர் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த ஆதரவின் ஆழம் விளங்கும். எந்த வட்டாரத்துக்கும் சொந்தமில்லாத மொழி எல்லோருக்கும் சம தூரத்தில் நிற்கும் என்பதே அன்று முன்வைக்கப்பட்ட வாதத்தின் சாரம்.

சபை அதை ஏற்கவில்லை. ஹிந்தி ஆட்சிமொழியாயிற்று. எட்டாவது அட்டவணையில் அன்று இடம்பெற்ற 14 மொழிகளில் ஒன்றாக சம்ஸ்கிருதம் சேர்க்கப்பட்டது. அதோடு நின்றிருந்தால் பிரச்னை இவ்வளவு வளர்ந்திருக்காது. அரசியல் சட்டத்தின் 351-ஆவது பிரிவு, ஹிந்தி தனக்கு வேண்டிய சொற்களை முதன்மையாக சம்ஸ்கிருதத்திலிருந்தும் அடுத்தபடியாகப் பிற மொழிகளிலிருந்தும் பெற வேண்டும் என்று விதித்தது. எந்த வட்டாரத்தையும் சாராத மொழி என்று போற்றப்பட்ட சம்ஸ்கிருதம், ஒரே வரியில் ஒரு வட்டாரத்தின் மொழிக்குச் சொற்களஞ்சியமாக மாற்றப்பட்டுவிட்டது. சம்ஸ்கிருதம் என்றாலே பின்னால் ஹிந்தி வருகிறது என்று தமிழகம் சந்தேகப்படுவதில் வியப்பில்லை. அந்தச் சந்தேகத்துக்கு அரசியல் சட்டத்திலேயே ஆதாரம் இருக்கிறது.

இது தமிழகத்தின் தனிப்பட்ட வெறுப்பு என்று தில்லியில் பலர் எண்ணுகிறார்கள். மைசூர் இருக்கும் கர்நாடகத்தின் வரலாறு அவர்களுக்குத் தெரியவில்லை. பள்ளிகளில் சம்ஸ்கிருதத்தை முதல் மொழியாக எடுத்துக் கன்னடத்தைத் தவிர்க்க முடியும் என்ற நிலை அங்கு இருந்தது. அதை ஆராய 1980-ல் அமைக்கப்பட்ட வி.கி. கோகாக் குழு, கன்னடத்துக்கே முதலிடம் தரப் பரிந்துரைத்தது. பரிந்துரையைச் செயல்படுத்தக் கோரி எழுந்த போராட்டத்தில் 1982-ல் நடிகர் ராஜ்குமார் இறங்கியதும் மாநிலமே திரண்டது. 2022 ஜனவரியில் சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகத்துக்கு மாகடி வட்டத்தில் 100 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டபோதும் கன்னட அமைப்புகள் எதிர்ப்புக் குரல் எழுப்பின. "சுதர்மா"வை வளர்த்த அதே மண்தான் இதையும் செய்தது. சம்ஸ்கிருதத்தை விரும்பிப் படிப்பவர்களைக் கன்னடர்கள் தடுக்கவில்லை. கன்னடத்தின் நாற்காலியில் அதை உட்கார வைப்பதைத்தான் தடுத்தார்கள்.

தாய்மொழி என்ற உரிமைகோரலும் இத்தகையதே. தென்னிந்திய மொழிகள் சம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்பதை எல்லிஸ் 1816-லும் கால்டுவெல் 1856-லும் எடுத்துரைத்துவிட்டார்கள். மொழியியல் அறிஞர்கள் எமனோவும் பரோவும் இன்னும் ஒரு படி மேலே சென்று, சம்ஸ்கிருதமே திராவிட மொழிகளிடம் கடன் பெற்றிருப்பதைக் காட்டினார்கள். மீனும் நீரும் அப்படிச் சென்ற சொற்கள் என்பது பரோவின் முடிவு. வாங்குவதும் கொடுப்பதுமாக வாழ்ந்த மொழிகளுக்கிடையே ஒன்றைத் தாயாகவும் மற்றவற்றைச் சேய்களாகவும் நிறுத்துவது வரலாற்றுக்கும் பொருந்தாது, சம்ஸ்கிருதத்துக்கும் உதவாது.

உண்மையில் சம்ஸ்கிருதம் ஆற்றிய பணி வேறு. அது ஒரு பொதுப் பாதையாக இருந்தது. காஞ்சியோடு தொடர்புடையவராகக் கருதப்படும் தண்டி எழுதிய "காவியாதர்சம்" கன்னடத்தின் "கவிராஜமார்க்க"த்துக்கும் சிங்களத்தின் "சியபஸ்லகர"வுக்கும் தமிழின் "தண்டியலங்கார"த்துக்கும் ஊற்றாயிற்று. காஞ்சியில் பிறந்த ஒரு சிந்தனை, சம்ஸ்கிருதம் என்ற பாதையில் பயணம் செய்து மூன்று மொழிகளின் வீட்டுக் கதவைத் தட்டியது. கதவைத் திறந்த ஒவ்வொரு மொழியும் அதைத் தன் இலக்கணப்படி மாற்றி எழுதிக்கொண்டது. ஒரு மொழியும் தன் அடையாளத்தை இழக்கவில்லை.

மைசூரில் உள்ள மற்றொரு சான்று இதைவிட வலிமையானது. 1891-ல் மன்னராட்சி நிறுவிய கீழ்த்திசை நூலகத்துக்கு, தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பண்டிதர் 1905-ல் ஓலைச்சுவடி ஒன்றை ஒப்படைத்தார். நூலகர் சாமசாஸ்திரி அதைப் படித்துப் பார்த்தபோது, தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று கண்டுகொண்டார். மூலம் 1909-லும் ஆங்கில மொழிபெயர்ப்பு 1915-லும் வெளியாயின. பண்டைய இந்தியாவில் அரசியல் சிந்தனையே இல்லை என்று கூறிவந்தவர்களின் வாய் அடைத்தது. இன்று தில்லியின் ஆட்சியாளர்கள் எந்தக் கட்சியினராக இருந்தாலும் மேடைதோறும் மேற்கோள் காட்டும் அந்த நூல், காவிரிக் கரையில் பாதுகாக்கப்பட்டு வந்தது. அது எழுதப்பட்டிருந்த எழுத்து தேவநாகரி அல்ல. தமிழ் நிலத்தில் சம்ஸ்கிருதம் எழுதுவதற்கென்றே உருவான கிரந்தம்.

இங்கேதான் தில்லியின் கொள்கையில் உள்ள பெரிய ஓட்டை தெரிகிறது. தெற்கே சம்ஸ்கிருதம் கிரந்தத்திலும் கன்னட எழுத்திலும் தெலுங்கு எழுத்திலும் நந்திநாகரியிலும் மலையாள எழுத்திலும் வாழ்ந்தது. அந்தந்த வட்டாரத்து மக்கள் அதைத் தங்கள் கையெழுத்தில் எழுதினார்கள். இப்போது சம்ஸ்கிருதம் என்றால் தேவநாகரி என்றாகிவிட்டது. "சுதர்மா"வும் தேவநாகரியில்தான் அச்சிடப்பட்டது. கிரந்தச் சுவடியைத் தடையின்றிப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில், ஞான பாரதம் என்ற திட்டத்தின்கீழ் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை ஆவணப்படுத்திப் பாதுகாக்கப்போவதாக அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் படம் எடுத்துச் சேமித்த சுவடியைப் படிப்பதற்கு ஆள் இல்லாவிட்டால், அலமாரியில் இருந்த மௌனம் கணினிக்கு இடம் மாறும். தெற்கத்திய எழுத்துகளைப் படிக்க இளைஞர்களைப் பயிற்றுவிப்பதற்கு அந்தத் திட்டத்தில் கணிசமான பங்கு ஒதுக்கப்பட வேண்டும்.

தமிழகத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உலகெங்கும் உள்ள சம்ஸ்கிருதச் சுவடிகளையும் நூலாசிரியர்களையும் அகர வரிசையில் தொகுக்கும் மாபெரும் பட்டியலை 1935-ல் தொடங்கியது சென்னைப் பல்கலைக்கழகம். அதில் முதன்மைப் பங்காற்றிய வே. ராகவன் திருவாரூரைச் சேர்ந்தவர். இந்த உழைப்பையெல்லாம் வேற்றார் சொத்து என்று ஒதுக்கிவிட்டால், இழப்பு சம்ஸ்கிருதத்துக்கு அல்ல. தமிழர்கள் தங்கள் பங்கைத் தாங்களே விட்டுக்கொடுத்ததாக முடியும். திணிப்பை எதிர்ப்பது வேறு. தமிழ் நிலத்தில் விளைந்த ஒரு கல்வி மரபை எழுதிக் கொடுத்துவிடுவது வேறு.

அதே நேரத்தில் பழைய அக்ரஹாரத்தைப் பொற்காலமாகச் சித்திரிப்பதும் தவறு. அரசர்கள் நிலமும் வரிவிலக்கும் தந்து குடியேற்றிய அந்தத் தெருக்களில் கல்வி வளர்ந்தது உண்மை. அந்தக் கல்வி தெருவின் எல்லையைத் தாண்டிப் பெரும்பான்மை மக்களுக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அம்பேத்கருக்கு நேர்ந்தது ஒரு தனி மனிதரின் அனுபவமல்ல. பண்பாட்டு அடையாளம் என்று ஒன்றை எல்லோர் மீதும் சாற்றுமுன், அந்த அடையாளத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர்களின் நினைவையும் மதிக்க வேண்டும். ஒரு நாளிதழின் சிறப்பே, காசு கொடுத்து வாங்கும் எவரும் படிக்கலாம் என்பதுதான். அந்த வகையில் "சுதர்மா" அக்ரஹாரத்தின் கதவைத் திறந்து வைத்த முயற்சி.

சமநீதி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் மைசூரே எடுத்துக்காட்டு. இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் 1969-ல் அங்குதான் நிறுவப்பட்டது. தமிழ் 2004-ல் செம்மொழியாக அறிவிக்கப்பட்ட பிறகு அதற்கான ஆய்வு மையம் சில காலம் அங்கேயே இயங்கி, 2008-ல் சென்னைக்கு வந்தது. உதகையில் இருந்த மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-ல் மைசூருக்கு மாற்றப்பட்டது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் உடன் சென்றன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தேவைப்பட்டது. சம்ஸ்கிருதத்துக்கு நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றினால் போதும். தமிழுக்கு நீதிமன்றப் படியேற வேண்டும் என்ற நிலை நீடிக்கும்வரை, மொழிகளின் சமத்துவம் பற்றிய உரைகள் யாருடைய காதிலும் ஏறப்போவதில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. 2024 அக்டோபரில் மராத்தி, வங்காளி, அசாமி, பாலி, பிராகிருதம் ஆகியவையும் சேர்க்கப்பட்ட பின் செம்மொழிகளின் எண்ணிக்கை பதினொன்றாகிவிட்டது. இவற்றுக்கான நிதி ஒதுக்கீட்டுக்கு வெளிப்படையான ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். சம்ஸ்கிருதத்துக்கான தொகையில் ஒரு பகுதி, அந்த மொழியிலிருந்து பிற இந்திய மொழிகளுக்கும் அவற்றிலிருந்து சம்ஸ்கிருதத்துக்கும் மொழிபெயர்ப்புகள் கொண்டுவரச் செலவிடப்பட வேண்டும். சிறு மொழி இதழ்களை, அவை எந்த மொழியில் வந்தாலும், அரசு நூலகங்கள் சந்தா கட்டி வாங்க வேண்டும். பள்ளிகளில் சம்ஸ்கிருதம் விரும்புபவர்களுக்குக் கிடைக்க வேண்டும். தாய்மொழிக்கு மாற்றாக அல்ல.

அவையில் மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதும், பல்கலைக்கழகத்தின் பெயர்ப் பலகையை மாற்றுவதும் எளிது. அரை நூற்றாண்டுக் காலம் ஒவ்வொரு நாளும் செய்தியை எழுதி, அச்சிட்டு, முகவரி ஒட்டி, அஞ்சல் நிலையத்தில் சேர்ப்பது எளிதல்ல. அந்தக் குடும்பம் பிற மொழி எதையும் தாழ்த்தாமல் அதைச் செய்தது. சம்ஸ்கிருதத்தின் பெயரால் பேசும் தில்லி, அந்த ஒரு பண்பையாவது மைசூர் அக்ரஹாரத்திடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.